திடீர்ச் செலவு வந்தால் குடும்பம் கவிழலாமா?

செலவை விட வட்டியே பெரிய எதிரி! சிறு வருமானக் குடும்பங்கள் செய்ய வேண்டியது என்ன?

சனிக்கிழமை சம்பளம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை இரவு, சைக்கிளிலிருந்து விழுந்த பையன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வருகிறான். கை வீங்கியிருக்கிறது.

வீட்டில் இருப்பது 600 ரூபாய். அடுத்த சம்பளத்துக்கு இன்னும் நான்கு நாள்.

அந்த இரவு அந்தத் தாயும் தகப்பனும் எடுக்கும் முடிவு, அடுத்த ஓர் ஆண்டுக்கு அந்தக் குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறது.

இது எங்கோ ஒரு வீட்டுக் கதை அல்ல. தெருவுக்குத் தெரு நடப்பது. "எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு செலவு வந்தது, அத்தோடு எல்லாம் போச்சு" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம்.

உண்மையில் குடும்பத்தைக் கவிழ்த்தது அந்தச் செலவுதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டின் கணக்கு

திருப்பூரில் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர். மனைவிக்கு அதே ஊரில் செக்கிங் வேலை. இரண்டு குழந்தைகள். லைன் வீட்டில் வாடகைக் குடித்தனம்.

கணவருக்கு வாரம் 3,750 ரூபாய். மனைவிக்கு 2,250 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 6,000 ரூபாய். நான்கு வாரத்துக்கு 24,000 ரூபாய்.

மாதச் செலவு என்ன?

வாடகை 5,000. சாப்பாடு, பால், கியாஸ் எல்லாம் சேர்த்து 9,500. பள்ளிக்கூடம், டியூஷன் 2,500. பெட்ரோல், பஸ் 1,500. கரண்ட், செல்போன் 1,000. மகளிர் குழுக் கடன் தவணை 2,000. சோப்பு, மருந்து, சில்லறைச் செலவு 1,500.

ஆக மொத்தம் 23,000 ரூபாய். மிச்சம் 1,000 ரூபாய்!

இவர்கள் ஊதாரிகள் அல்ல. வரவில் 100 ரூபாய்க்கு 40 ரூபாய் சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. நாடு முழுவதும் இதே நிலைமைதான். மத்திய அரசு 2023-24-ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கின்படி, நகரத்துக் குடும்பங்கள் தாங்கள் செலவிடும் 100 ரூபாயில் ஏறக்குறைய 40 ரூபாயை உணவுக்கே செலவிடுகின்றன. கிராமத்தில் அது 47 ரூபாய்.

வாடகையைக் குறைக்க முடியாது. வயிற்றையும் குறைக்க முடியாது. மிச்சம் இருக்கும் அந்த 1,000 ரூபாய்தான் இந்தக் குடும்பத்தின் முழுப் பலம்.

அந்த ஒரு இரவு

கை வீங்கிய பையனைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். எக்ஸ்ரே, மாவுக் கட்டு, மருந்து எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பணத்துக்கு எங்கே போவது?

கம்பெனி வாசலிலேயே தண்டல்காரர் இருக்கிறார். கையெழுத்துக் கூடக் கேட்பதில்லை. "பத்தாயிரம் எழுதிக்கொள்கிறேன். ஆயிரம் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தருகிறேன். தினம் நூறு ரூபாய், நூறு நாள் கட்டு" என்கிறார்.

ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று மனம் நினைக்கிறது. அங்கேதான் ஏமாந்து போகிறோம்.

9,000 ரூபாயும் நூறு நாள் முழுவதும் நம் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே தினமும் 100 ரூபாய் திரும்பிப் போகிறது. சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் இருப்பது 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 80 ரூபாய் வட்டி!

அதை விட மோசம் இன்னொன்று. தினம் 100 ரூபாய் என்றால் மாதம் 3,000 ரூபாய். மிச்சமோ 1,000 ரூபாய்தான். மாதம் 2,000 ரூபாய் துண்டு விழுகிறது.

அந்தத் துண்டை அடைக்க இரண்டாவது கடன் வாங்குகிறார்கள். அதன் தவணைக்காக மூன்றாவது கடன். பையன் கை ஆறே வாரத்தில் கூடிவிட்டது. கடன் மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

"பத்து வட்டி" இன்னும் கொடியது. 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். 10,000 ரூபாய் வாங்கியவர் மாதம் 1,000 ரூபாய் வீதம் பத்து மாதம் கட்டினாலும், வாங்கிய பத்தாயிரம் அப்படியே நிற்கும்.

ஆகவே, குடும்பத்தைக் கவிழ்த்தது பையனின் கை அல்ல. அந்த ஒரு மணி நேரத்தில், எதையும் யோசிக்க முடியாத நிலையில், வாங்கிய கடன்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாமே அந்தச் சட்டத்தில் வருகின்றன. குற்றம் செய்தவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 30,000 ரூபாய் வரை அபராதம்.

அப்படியிருந்தும் 2017 அக்டோபரில், திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில், கந்து வட்டிக் கொடுமையால் பெற்றோரும் இரு பெண் குழந்தைகளும் தீயில் மாண்ட செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது.

கடனை வசூலிக்க மிரட்டுவதையும் துன்புறுத்துவதையும் தடுக்க, 2025-ல் தமிழ்நாடு சட்டசபை இன்னொரு சட்டம் செய்தது. அதன்படியும் 3 ஆண்டு வரை தண்டனை உண்டு.

குழுக் கடன் கொடுக்கும் கம்பெனிகளுக்கு ரிசர்வ் பாங்கி 2022-ல் விதிகள் வகுத்தது. வசூலுக்கு வருகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்போ, மாலை 6 மணிக்குப் பின்போ தொல்லை கொடுக்கக் கூடாது. ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடனை முன்னதாகவே அடைத்தால் அதற்கு அபராதம் கேட்கக் கூடாது.

இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் சட்டம், கடன் வாங்கிய பின்பு வரும் துணை. கடன் வாங்கும் முன்பு வரவேண்டிய துணை நம் முன்யோசனைதான்.

எது திடீர்ச் செலவு?

"திடீர்ச் செலவு" என்று நாம் சொல்வதில் பாதி, திடீரென்று வருவதே அல்ல!

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்பது ஜனவரியிலேயே தெரியும். தீபாவளி எந்த ஆண்டும் வராமல் இருந்ததில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. தங்கை மகளுக்குக் காது குத்தினால் தாய்மாமன் சீர் செய்தே ஆகவேண்டும். மிக்சி எப்போது பழுதாகும் என்று தெரியாது. ஆனால் ஒரு நாள் பழுதாகும் என்பது நிச்சயம்.

நாள்தான் தெரியாது. செலவு தெரிந்ததுதான்.

நமது திருப்பூர்க் குடும்பத்துக்கு இவற்றைக் கூட்டிப் பார்ப்போம்.

பள்ளிக்கூடம் திறக்கும்போது 6,000. தீபாவளி 8,000. ஊர்த் திருவிழா 3,000. சீர், மொய் 5,000. ரிப்பேர் 2,000. ஆண்டுக்கு மொத்தம் 24,000 ரூபாய்.

தீபாவளிச் செலவை போனஸ் பணம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 16,000 ரூபாய் வேண்டும்.

மாதம் மிச்சமாகும் 1,000 ரூபாயைத் தொடாமல் வைத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். இன்னும் 4,000 ரூபாய்க்கு எங்கே போவது?

ஐந்தாவது சனிக்கிழமை

வாரச் சம்பளக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை.

மாதத்துக்கு நான்கு வாரம் என்று கணக்குப் போட்டால் 12 மாதத்துக்கு 48 வாரம். ஆண்டில் இருப்பதோ 52 வாரம்! நான்கு மாதங்களில் ஐந்தாவது சனிக்கிழமை வருகிறது. அன்றும் 6,000 ரூபாய் வருகிறது.

அந்த வாரத்துக்கும் சாப்பாடு உண்டு, பஸ் உண்டு. அதற்கு 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போய்விடும். ஆனால் வாடகை, டியூஷன், குழுத் தவணை எல்லாம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஆகவே 2,800 ரூபாயாவது கையில் நிற்கும். நான்கு முறைக்கு 11,000 ரூபாய்க்கு மேல்!

பெரும்பாலான வீடுகளில் அந்த ஐந்தாவது வாரப் பணம், சினிமாவிலும் ஓட்டலிலும் கடையிலும் எப்படிப் போனது என்று தெரியாமலே போய்விடுகிறது.

12,000-மும் 11,000-மும் சேர்ந்தால் 23,000 ரூபாய். தெரிந்த செலவு 16,000 போக 7,000 ரூபாய் மிஞ்சும். நோய், விபத்து போன்ற உண்மையான திடீர்ச் செலவுக்கு இந்தக் குடும்பத்திடம் இருப்பது அந்த 7,000 ரூபாய்தான்.

இதுவும் வேலை குறையாத நல்ல ஆண்டில்தான். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தபோது திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர்கள் தடைப்பட்டன. அப்படிப்பட்ட காலத்தில் செலவு திடீரென்று ஏறாவிட்டாலும் வரவு திடீரென்று இறங்கிவிடுகிறது. அதற்கும் இந்தச் சேமிப்புதான் கைகொடுக்க வேண்டும்.

பணத்தை எங்கே வைப்பது?

அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் பணம் வைத்த காலம் உண்டு. அது நல்ல வழக்கம்தான். ஆனால் கண்ணில் படும் பணம் கையில் தங்காது.

தபால் ஆபீசில் மாதம் 100 ரூபாய் முதல் கட்டக்கூடிய ஐந்தாண்டுத் தொடர் சேமிப்பு இருக்கிறது. 2023 அக்டோபரில் அதற்கு 6.7 சதவிகித வட்டி என்று நிர்ணயித்தார்கள். 12 தவணை தவறாமல் கட்டியவர், கட்டிய பணத்தில் பாதி வரை கடனாகவும் எடுக்கலாம்.

ஆனால் எல்லாப் பணத்தையும் அதில் போட்டுவிடக் கூடாது. நடு இரவில் தபால் ஆபீஸ் திறந்திருக்காது. 2,000 ரூபாயாவது உடனே எடுக்கும்படி வீட்டிலோ, பாங்கிக் கணக்கிலோ தனியாக இருக்கட்டும்.

சீட்டு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று நம்பித் தீபாவளிச் சீட்டில் பணம் போட்டு இழந்தவர்கள் பல ஊர்களில் உண்டு.

ஆஸ்பத்திரிச் செலவு

எல்லாவற்றிலும் பெரிய எதிரி நோய்தான். மத்திய அரசின் 2021-22-ம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் 100-க்கு 39 ரூபாயை மக்களே கைப்பணத்திலிருந்து கொடுக்கிறார்கள். 2013-14-ல் அது 64 ரூபாயாக இருந்தது. பாரம் குறைந்திருக்கிறது, நீங்கிவிடவில்லை.

ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு என்று 2022-ல் வரம்பு உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

நமது திருப்பூர்க் குடும்பத்தின் வருமானம் அந்த வரம்புக்கு மேலே இருக்கிறது. ஆனால் வசதிக்கோ வெகு கீழே இருக்கிறது! இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, "எங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதா?" என்பது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதற்கான சம்பள வரம்பு 2017-ல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 முதல் தொழிலாளியிடம் 100 ரூபாய்க்கு 75 காசு பிடிக்கிறார்கள். முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவர் கொடுப்பது 112 ரூபாய் 50 காசு. அதற்கு அவருக்கும் மனைவி மக்களுக்கும் வைத்தியம் கிடைக்கிறது. தொழிலாளி நோயில் படுத்துவிட்டால், போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதமும் உண்டு.

பலருக்குத் தங்களுக்கு இ.எஸ்.ஐ. எண் இருப்பதே தெரியாது. சிலருக்குக் கம்பெனியில் பெயரே பதிவாகியிருக்காது. நல்ல உடம்போடு இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கைமுறிந்த இரவில் அதைக் கேட்க நேரம் இருக்காது.

சாலை விபத்து என்றால் இன்னொரு வழியும் உண்டு. முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.

திருப்பூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அங்கே போனாலும் செலவே இருக்காது என்று நினைக்கக் கூடாது. ஆட்டோ, சாப்பாடு, துணைக்கு இருக்கும் தாயின் ஒரு வாரச் சம்பள இழப்பு 2,250 ரூபாய் எல்லாம் சேர்ந்தால் 4,000 ரூபாய் ஆகலாம். ஆனால் அந்த 4,000 ரூபாய், சேர்த்து வைத்த 7,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். தண்டல்காரர் வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை.

கடன்தான் கதி என்றால்?

சில சமயம் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும். அப்போது எந்தக் கதவை முதலில் தட்டுவது?

முதலில், கைமாற்று. அண்ணன், அக்காள், பக்கத்து வீட்டார் கொடுக்கும் வட்டியில்லாப் பணம். சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தவருக்கே அது மறுபடியும் கிடைக்கும்.

இரண்டாவது, மகளிர் குழுவின் உள் கடன். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கின. குழுவுக்குள் கட்டும் வட்டி குழுவுக்கே திரும்பி வருகிறது.

மூன்றாவது, நகை. சென்னையில் ஒரு பவுன் 2025 டிசம்பரில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அரைப் பவுன் தோடு கூட இன்று ஓர் ஆபத்து கால நிதிதான். பாங்கியில் நகைக் கடன் வட்டி ஆண்டுக்கு 12 சதவிகிதம் என்றே வைத்தாலும், 9,000 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி 270 ரூபாய். தண்டலில் ஏறக்குறைய அதே காலத்துக்கு 1,000 ரூபாய் போனதே!

நகைக் கடனுக்கு ரிசர்வ் பாங்கி 2025 ஜூனில் புதிய விதிகள் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-ந் தேதிக்குள் அவை அமலுக்கு வரவேண்டும் என்று கெடு வைத்தது. அவற்றின்படி, இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை கொடுக்கலாம். கடனை அடைத்து 7 வேலை நாளுக்குள் நகையைத் திருப்பிக் கொடுக்காவிட்டால், தாமதம் அவர்கள் தவறாக இருந்தால், நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் ஈடு தரவேண்டும். நகை ஏலம் போனால் கடன் போக மீதிப் பணம் நமக்குச் சேரவேண்டும்.

பாங்கிகளுக்கும் ரிசர்வ் பாங்கியில் பதிவு பெற்ற நிதிக் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். தெருவோர அடகுக் கடைக்குப் பொருந்தாது.

ஓர் எச்சரிக்கை. 85 ரூபாய் தருகிறார்கள் என்பதற்காக 85-ம் வாங்கக் கூடாது. தேவைக்கு மட்டும் வாங்குங்கள். அதிகமாக வாங்கினால் மீட்பது கடினம்.

செல்போனில் "ஐந்து நிமிடத்தில் கடன்" என்று வரும் செயலிகளிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நமது போனில் உள்ள எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, பிறகு மானத்தை வாங்குவேன் என்று மிரட்டிய கும்பல்கள் உண்டு. அப்படி நடந்தால் அஞ்சாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பெரியவர்களின் விபத்துக்கு

மிகப் பெரிய திடீர் இழப்பு, சம்பாதிக்கிறவரின் உயிர். அதைப் பேசவே பயப்படுகிறோம். பாங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் விபத்துக் காப்பீடு உண்டு. 2022 ஜூன் முதல் ஆண்டுச் சந்தா 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு டீ, ஒரு வடை விலை! அதைக் கூடச் சேராமல் இருக்கலாமா?

தவணை முடியும் மாதம்

கடைசியாக ஒரு யோசனை.

இந்தக் குடும்பம் மாதம் 2,000 ரூபாய் குழுத் தவணை கட்டுகிறது. அது ஒரு நாள் முடியும். முடிந்த உடனே, "அடுத்த லோன் வேண்டுமா?" என்று கேட்பார்கள். பணம் வருகிறதே என்று கைநீட்டத் தோன்றும்.

அப்போது மட்டும் மனதைக் கட்டுப்படுத்துங்கள். இத்தனை மாதம் 2,000 ரூபாய் இல்லாமல் வாழப் பழகிவிட்டீர்கள். அதே 2,000 ரூபாயை, அதே தேதியில், உங்கள் கணக்கிலேயே கட்டிக்கொண்டு வாருங்கள். ஒரே ஆண்டில் 24,000 ரூபாய் சேரும். அது நாலு வாரச் சம்பளம்!

நாலு வாரச் சம்பளம் கையிருப்பு உள்ள குடும்பம், செவ்வாய்க்கிழமை இரவு கதவு தட்டப்பட்டாலும் பதற வேண்டியதில்லை.

அடுத்த ஐந்தாவது சனிக்கிழமை எப்போது வருகிறது? இன்றே காலண்டரில் பார்த்து, அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போடுங்கள்.